சம்பந்தி வீட்டு டெவில்ட் எக்ஸ்

தென் கரோலினா மாநிலத்தில் கிரீன்வில் என்கிற ஊர் என் மருமகளுக்குப் பிறந்த வீடு. அங்கே ஈஸ்டர், தேங்க்ஸ்கிவிங், சர்ச் சாப்பாடு, துக்கம் விசாரிக்கப் போகிற வீடு, எதுவானாலும் மேசையில் முதலில் காலியாவது முட்டைத் தட்டுதான். அவித்த முட்டையை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, மஞ்சள் கருவை எடுத்து, மயோனைஸும் மஸ்டர்டும் விட்டுப் பிசைந்து, மறுபடி அந்தக் குழியிலேயே நிரப்பி, மேலே சிவப்பாகப் பாப்ரிகா தூவியிருப்பார்கள். இதுதான் டெவில்ட் எக்ஸ். பார்த்தால் அரைமணி நேர வேலையாகத் தெரியும். எனக்கு உருப்படியாக வருவதற்கு மூன்று ஈஸ்டர் ஆயின.

மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ அமெரிக்கா போய் ஆறு மாதம் இருக்கிறவர்களுக்கு ஒருநாள் பாட்லக் அழைப்பு வந்தே தீரும். ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுபோகிற விருந்து அது. எல்லாரும் நம்மிடம் பிரியாணியையோ சமோசாவையோ எதிர்பார்ப்பார்கள். அதையும் கொண்டுபோகலாம். ஆனால் அவர்கள் வீட்டுப் பண்டத்தை அவர்கள் வீட்டுப் பக்குவத்திலேயே செய்து கொண்டுபோய் வைத்தால் கிடைக்கிற மரியாதை வேறு. அதற்காகத்தான் இந்த அத்தியாயம்.

அளவு இல்லாத அட்டை

சம்பந்தியம்மாவின் சமையல் பெட்டியில் அவருடைய தாயார் பென்சிலால் எழுதிய அட்டை ஒன்று இருக்கிறது. முட்டை 12, மயோனைஸ், மஸ்டர்ட், வினிகர், ரெலிஷ், உப்பு. அவ்வளவுதான். முட்டையைத் தவிர எதற்கும் அளவு கிடையாது. “மயோனைஸ் எவ்வளவு போடுவீர்கள்?” என்று கேட்டேன். “சரியாக வரும்வரை” என்றார். கல்யாணமான புதிதில் வத்தக்குழம்புக்குப் புளி எவ்வளவு என்று கேட்டதற்கு என் மாமியார் சொன்ன பதிலும் அச்சு அசலாக இதேதான்.

இப்படிப்பட்டவர்களிடம் கேட்டுப் பயனில்லை. நிறுத்துத்தான் பார்க்க வேண்டும். சமையல் தராசில் மயோனைஸ் பாட்டிலை வைத்து எடையைக் குறித்துக்கொண்டேன். அவர் தன் போக்கில் வேலையை முடித்த பிறகு மறுபடி பாட்டிலை வைத்தேன். குறைந்த எடைதான் அவர் போட்ட அளவு. மஸ்டர்ட் பாட்டிலுக்கும் வினிகர் பாட்டிலுக்கும் இதே கதை. பிசைவதற்கு முன் மஞ்சள் கருவையும் ஒரு கிண்ணத்தில் போட்டு நிறுத்துவிட்டேன். மூன்று விருந்துகளுக்கு இப்படிக் குறித்ததில் கணக்கு பிடிபட்டது: மஞ்சள் கருவின் எடையில் சரிபாதி மயோனைஸ். அவருக்கே அது தெரியாது. சொன்னபோது நம்பாமல் தானே ஒருமுறை தராசில் வைத்துப் பார்த்தார்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமிருந்து எந்தப் பக்குவத்தை வாங்குவதானாலும் இந்த வழியைக் கையாளுங்கள். பாட்டிலும் டப்பாவும் பேசும். அவர்கள் பேச மாட்டார்கள்.

அட்டையில் இன்னொரு விஷயம். தலைப்பு “ஸ்டஃப்டு எக்ஸ்” என்று இருக்கிறது. சர்ச் சாப்பாட்டுக்குப் போகிற பண்டத்தின் மேல் பிசாசின் பெயரை எழுத அந்த அம்மாளுக்கு மனம் வரவில்லை. தெற்கத்தி மாநிலங்களில் இது பல வீட்டு வழக்கம். “டிரெஸ்டு எக்ஸ்” என்பார்கள், “சாலட் எக்ஸ்” என்பார்கள், சிலர் ஒரேயடியாக “ஏஞ்சல் எக்ஸ்” என்றே சொல்லிவிடுவார்கள். பிசாசு உள்ளே வந்தது காரத்தால். மிளகும் கடுகும் தூக்கலாகப் போட்ட பண்டத்தை ஆங்கிலேயர்கள் ‘டெவில்’ என்று சொல்ல ஆரம்பித்தது 18ஆம் நூற்றாண்டில்; அச்சில் 1786லேயே அந்தச் சொல் இருக்கிறது. அவர்கள் கப்பலேறிப் போன இடமெல்லாம் அதுவும் போனது. கொழும்புக் கடைகளில் கோழியையும் இறாலையும் வெங்காயம், கறிமிளகாயுடன் காரசாரமாகப் பிரட்டி ‘டெவல்’ என்று தருகிறார்களே, அது இதற்கு ஒன்றுவிட்ட தம்பி. கல்கத்தாவில் அவித்த முட்டைக்கு மேல் மசாலா பூசி ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த ‘டிமேர் டெவில்’ இன்னொரு உறவு. வேடிக்கை என்னவென்றால், பெயரை வைத்துக்கொண்டிருக்கிற அமெரிக்க முட்டையில்தான் காரம் கிட்டத்தட்ட இல்லை.

முட்டையை அவித்து உள்ளே எதையாவது அடைப்பது அதைவிடப் பழைய வேலை. 13ஆம் நூற்றாண்டு ஆண்டலூசியச் சமையல் குறிப்பு ஒன்றில் மஞ்சள் கருவோடு கொத்தமல்லி, வெங்காயச் சாறு, மிளகு சேர்த்துப் பிசைந்து அடைக்கச் சொல்லியிருக்கிறது. நமக்கு அது உடனே பிடித்துப் போகும். மயோனைஸ் பிற்பாடு வந்தது. 1896ல் ஃபானி ஃபார்மர் வெளியிட்ட பாஸ்டன் சமையல் பள்ளி நூலில் அந்த யோசனை இருக்கிறது. மயோனைஸ் பாட்டிலில் அடைபட்டுக் கடைக்கு வந்த பிறகு வீட்டுக்கு வீடு இதே வழியாகிவிட்டது.

முட்டை வாங்குவதில் இருந்து ஆரம்பம்

என் முதல் ஈஸ்டர் முட்டைகள் நிலாவின் படம்போல இருந்தன, குண்டும் குழியுமாக. நல்லது செய்வதாக நினைத்து உழவர் சந்தைக்குப் போய் முந்தினநாள் இட்ட முட்டையாகப் பார்த்து வாங்கி வந்திருந்தேன். தோலோடு வெள்ளைக்கருவும் பிய்ந்து வந்தது. சம்பந்தியம்மா ஒன்றும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் மசித்து எக் சாலட் ஆக்கி ரொட்டியில் தடவிவிட்டார்.

டெவில்ட் எக்ஸுக்குப் புது முட்டை ஆகாது. இட்ட புதிதில் வெள்ளைக்கருவுக்குள் கரியமில வாயு கரைந்திருக்கும். அப்போது அதன் பிஹெச் 7.6ஐ ஒட்டி இருக்கும். நாளாக ஆக ஓட்டின் நுண்துளைகள் வழியே வாயு வெளியேறி, பிஹெச் 9க்கு மேல் போகும். அந்த நிலையில்தான் அவித்த வெள்ளைக்கரு உட்சவ்வை விட்டுக் கழன்று வரும். அதனால் பொட்டலம் கட்டி ஒரு வாரம் பத்து நாள் ஆன முட்டை வேண்டும்.

அதை எப்படிக் கண்டுபிடிப்பது? அமெரிக்க விவசாயத் துறையின் தர முத்திரை உள்ள அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில், மற்ற எண்களோடு, 001இலிருந்து 365க்குள் மூன்று இலக்க எண் ஒன்று அச்சாகியிருக்கும். பொட்டலம் கட்டியது ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது அது. 001 என்றால் ஜனவரி 1. 091 என்றால் சாதாரண ஆண்டில் ஏப்ரல் 1. விருந்து நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பார்த்து எடுங்கள். வீட்டில் இருக்கிறவர்கள் கடைசித் தேதியைத்தான் பார்ப்பார்கள். இந்த மூன்று இலக்கத்தைப் பார்க்கத் தெரிந்தவர் அநேகமாக நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள்.

‘லார்ஜ்’ அளவு வாங்குங்கள். ஓட்டோடு ஒன்று ஏறத்தாழ 57 கிராம். 12 முட்டை பரிமாற வேண்டுமானால் 14 அவியுங்கள். இரண்டு எப்படியும் அவித்ததில் வெடிக்கும், அல்லது உரித்ததில் கிழியும். கிழியாவிட்டாலும் நஷ்டமில்லை, அவற்றின் மஞ்சள் கரு சேர்ந்தால்தான் 24 பாதிகளும் மேடு கட்டி நிறையும். 12 மஞ்சள் கருவை வைத்து 24 குழியை நிரப்பினால் பஞ்சப்பாட்டாக இருக்கும்.

முந்தின இரவு முட்டைப் பெட்டிக்கு ஒரு ரப்பர் பேண்ட் போட்டு, ஃபிரிட்ஜில் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். நாள்பட்ட முட்டையில் வெள்ளைக்கரு நீர்த்துப்போய், கொழுப்புள்ள மஞ்சள் கரு மேலே மிதந்து ஒரு முனைக்குப் போய்விடும். அறுத்தால் ஒரு பக்கச் சுவர் தாள்போல மெலிந்திருக்கும். ஓரிரவு படுக்க வைத்தால் பெரும்பாலும் நடுவுக்கு வந்துவிடும்.

இட்லிப் பானை

சம்பந்தியம்மா கொதிக்கிற தண்ணீரில்தான் முட்டையை இறக்குவார். பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பேற்றுவது நம் வழக்கம். அதை இந்தப் பண்டத்துக்கு மறந்துவிடுங்கள். மெதுவாகச் சூடேறினால் வெள்ளைக்கரு சவ்வோடு ஒட்டிக்கொண்டே வேகும். சுரீரென்று சூடு பட்டால் ஒட்டுவதற்கு முன்பே இறுகிவிடும்.

கொதிநீரைவிட ஆவி நல்லது என்பது என் கட்சி. மகன் வீட்டில் இட்லிப் பானை இருக்கும்தானே. ஆவி நன்றாகப் பொங்கிய பிறகு தட்டை இறக்குங்கள். இட்லிக் குழியில் குழிக்கு ஒரு முட்டை, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு. மூடி 13 நிமிடம். தண்ணீரில் உருண்டு ஒன்றோடொன்று மோதி வெடிக்கிற தொல்லை இதில் கிடையாது. மூன்றாவது ஈஸ்டருக்கு நான் இப்படி அவித்ததைப் பார்த்துவிட்டு, சம்பந்தியம்மா தனக்கும் ஒரு இட்லிப் பானை வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். அதில் அவர் இதுவரை இட்லி வார்த்ததில்லை.

நேரத்தை மட்டும் கடிகாரம் பார்த்து வையுங்கள். நேரம் கூடினால் மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சையும் சாம்பலுமாக ஒரு வளையம் விழும். மஞ்சள் கருவின் இரும்பும் வெள்ளைக்கருவில் கிளம்பும் கந்தக வாயுவும் கூடியதால் வருவது அது. சாப்பிட்டால் கெடுதல் ஒன்றுமில்லை, ஆனால் பிசைந்த பிறகு நிறம் மங்கும், வாடையும் அடிக்கும். மலை ஊர்களில் கணக்கு மாறும். டென்வர் உயரத்தில், அதாவது 1600 மீட்டரில், தண்ணீர் ஏறத்தாழ 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். இரண்டு நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.

அடுப்பை அணைத்ததும் முட்டைகளை ஐஸ் மிதக்கிற தண்ணீரில் கொட்டுங்கள். 15 நிமிடம் அப்படியே கிடக்கட்டும். குழாய்த் தண்ணீரில் இரண்டு அலசு அலசினால் போதாது, உள்சூடு வேகவைத்துக்கொண்டே இருக்கும். பிறகு மழுங்கிய முனையில் தட்டுங்கள், காற்று அறை இருப்பது அங்கேதான். சுற்றிலும் உருட்டி நொறுக்கி, தண்ணீருக்குள் வைத்தே உரியுங்கள். தோலும் சவ்வும் சட்டைபோல் கழன்று வரும்.

உள்ளே போவது

அறுக்கிற கத்தியை ஒவ்வொரு வெட்டுக்கும் ஈரத் துணியில் துடையுங்கள், இல்லாவிட்டால் வெள்ளையின் மேல் மஞ்சள் தீற்றல் விழும். மஞ்சள் கருவை எடுத்து, எடை பார்த்து, சல்லடையில் போட்டுக் கரண்டியின் முதுகால் தேய்த்து இறக்குங்கள். புட்டு மாவு மாதிரி பொலபொலவென்று விழ வேண்டும். மயோனைஸ் விட்ட பிறகு கட்டியை உடைக்கலாம் என்று நினைக்காதீர்கள், உடையாது. இந்த ஒரு வேலையைத் தாண்டிக் குதித்ததால்தான் என் இரண்டாவது ஈஸ்டர் போனது.

14 மஞ்சள் கரு ஏறத்தாழ 240 கிராம் வரும். அதற்கு மயோனைஸ் 120 கிராம், மஸ்டர்ட் 2 தேக்கரண்டி, ஆப்பிள் சிடர் வினிகர் 1 தேக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி. ஸ்வீட் ரெலிஷ் 2 மேசைக்கரண்டி என்பது சம்பந்தியம்மா கணக்கு. வெள்ளரிக்காயைப் பொடியாக நறுக்கிச் சர்க்கரையும் வினிகரும் போட்டு ஊறவைத்த இனிப்பு ஊறுகாய் அது. முட்டையில் இனிப்பா என்று முதலில் முகம் சுளித்தேன். இப்போதும் நான் செய்தால் 1 கரண்டிதான். எவ்வளவு போட்டாலும் உள்ளங்கையில் வைத்து ஒட்டப் பிழிந்துவிட்டுப் போடுங்கள். அந்தத் தண்ணீர் இறங்கினால் கலவை இளகிப்போகும்.

மயோனைஸில் முதலில் முக்கால் பங்கைப் போட்டுப் பிசையுங்கள். மஸ்டர்ட், வினிகர், பிழிந்த ரெலிஷ், கடைசியில் உப்பு. ருசி பாருங்கள். மீதி மயோனைஸ் அதற்கப்புறம். ஸ்பூனை நட்டால் நிற்க வேண்டும், தட்டினால் விழ வேண்டும், பதம் அது. இளகிவிட்டதா? ஒரு மஞ்சள் கருவைத் தனியே வைத்திருந்தால் தேய்த்துச் சேர்க்கலாம். சோளமாவு, ரொட்டித்தூள் பக்கம் போகாதீர்கள்.

கிரீன்வில்லில் டியூக்ஸ் மயோனைஸைத் தவிர வேறெதையும் இதில் போட்டால் வீட்டுக்குள் சேர்க்க மாட்டார்கள். யூஜீனியா டியூக் என்ற பெண்மணி 1917ல் அந்த ஊரில்தான் அதை ஆரம்பித்தார். முதல் உலகப் போர்ச் சமயத்தில் பக்கத்தில் இருந்த கேம்ப் செவியர் முகாமின் சிப்பாய்களுக்குச் சாண்ட்விச் செய்து விற்றார். சாண்ட்விச்சைவிட அதில் தடவியதற்கு ஆசைப்பட்டார்கள். அதில் சர்க்கரை கிடையாது, புளிப்பு தூக்கல். ரெலிஷின் இனிப்பை அது ஈடுகட்டும். இனிப்பான மயோனைஸோடு ஸ்வீட் ரெலிஷையும் சேர்த்தால் முட்டை மிட்டாயாகிவிடும். டியூக்ஸ் கிடைக்காத ஊரில் ஹெல்மன்ஸ் வாங்கி, வினிகரை அரைத் தேக்கரண்டி கூட்டுங்கள்.

மஸ்டர்ட் என்றால் நம் கடுகை அரைப்பது என்று அர்த்தமில்லை. அமெரிக்க மஞ்சள் மஸ்டர்ட், காரம் குறைந்த வெளிர்க் கடுகை வினிகரில் அரைத்தது. பளீரென்ற அந்த நிறம் மஞ்சள்தூளால் வருவது. நம் கருங்கடுகைப் போட்டால் மூக்கில் ஏறும், கசக்கவும் செய்யும். அதேபோல் பாப்ரிகாவுக்குப் பதில் வீட்டு மிளகாய்த்தூளைத் தூவும் ஆசையையும் அடக்கிக்கொள்ளுங்கள். நிறத்துக்காகத் தூவுவது அது. கிடைக்காவிட்டால் காஷ்மீரி மிளகாய்த்தூள் ஒரு சிட்டிகை, அதுவும் தூரத்திலிருந்து.

இதையே ஊருக்குத் திரும்பி வந்து செய்கிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. நம்மூர் முட்டை பெரும்பாலும் சிறியது, ஆவியில் ஒரு நிமிடம் குறையுங்கள். மஞ்சள் கருவில் பாதி மயோனைஸ் என்ற கணக்கு எந்த அளவு முட்டைக்கும் பொருந்தும். கடைகளில் அதிகம் இருப்பது முட்டை சேர்க்காத மயோனைஸ், அதுவும் இனிப்பாக. லேபிளைப் பார்த்து முட்டை சேர்த்ததை வாங்கி, ரெலிஷை விட்டுவிடுங்கள். பச்சை முட்டையை அடித்து மயோனைஸ் தயாரித்து விற்பதற்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை போட்டது. கிருமி பயம்தான் காரணம். வீட்டிலும் அந்த வேலை வேண்டாம், பாஸ்சுரைஸ் செய்த பாட்டிலே போதும்.

கொண்டுபோவது

நிரப்பிய முட்டையைக் காரில் ஏற்றாதீர்கள். முதல் வளைவிலேயே எல்லாம் கவிழ்ந்து ஒன்றன் முதுகில் ஒன்று அப்பிக்கொள்ளும். வெள்ளைப் பாதிகளை ஈரக் காகிதத் துண்டின் மேல் அடுக்கி ஒரு டப்பாவிலும், கலவையை ஜிப் பையிலும் எடுத்துக்கொண்டு, இரண்டையும் ஐஸ் பெட்டியில் வையுங்கள். போய்ச் சேர்ந்ததும் பையின் மூலையைக் கத்தரித்து, மருதாணிக் கூம்பைப் பிழிவதுபோல் குழிகளில் பிழியுங்கள். 24ஐயும் நிரப்ப ஐந்து நிமிடம் போதும். பாப்ரிகா கடைசி நிமிடத்தில். முன்கூட்டித் தூவினால் ஈரத்தில் கசிந்து சிவப்புக் கறையாகப் பரவும்.

இதற்கென்றே தட்டு இருக்கிறது. பணியாரச் சட்டியைத் தட்டையாக்கி, குழிகளை நீள்வட்டமாக்கினால் எப்படியோ அப்படி. தெற்கத்தி வீடுகளில் பாட்டியின் முட்டைத் தட்டு பேத்திக்குச் சீதனம்போல வரும். பழைய சாமான் கடைகளிலும் கிடைக்கும். இல்லாவிட்டால் ஒவ்வொரு பாதியின் அடியிலும் கட்டைவிரல் நக அளவுக்குச் சீவிவிடுங்கள், சாதாரணத் தட்டிலும் உருளாமல் உட்காரும். மேலே பன்றி இறைச்சித் துணுக்கு தூவுகிற பழக்கம் சில வீடுகளில் உண்டு. விருந்துக்கு யார் யார் வருகிறார்கள் என்று தெரியாமல் அதைச் செய்ய வேண்டாம்.

மேசையில் 2 மணி நேரம். 32 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கிற ஜூலை 4 பிக்னிக் என்றால் 1 மணி நேரம்தான். அதற்கு மேல் மிஞ்சியதைக் குப்பையில் போடுங்கள், மனசு கேட்காவிட்டாலும். மயோனைஸ்தான் கெட்டுப்போகும் என்று எல்லாரும் அதைத் திட்டுவார்கள். பாட்டில் மயோனைஸில் புளிப்பு இருக்கிறது, எளிதில் கெடாது. கெடுவது அவித்த முட்டை. உரிக்காத அவித்த முட்டை ஃபிரிட்ஜில் ஒரு வாரம் இருக்கும் என்பதால், விருந்துக்கு இரண்டு நாள் முன்பே அவித்து வைத்துக்கொள்ளலாம். நிரப்பியதை மறுநாளுக்குமேல் வைக்காதீர்கள். வெள்ளை தண்ணீர் விட ஆரம்பிக்கும்.

கிளம்புவதற்கு முன், தட்டின் அடியில் ஒரு துண்டு டேப் ஒட்டி வீட்டுப் பெயரை எழுதிவிடுங்கள். பாட்லக் முடிந்து பாத்திரம் கழுவும் இடத்தில் ஒரே மாதிரி முட்டைத் தட்டு நாலைந்து இருக்கும். சம்பந்தியம்மாவிடம் இப்போது இருப்பது யாருடைய தட்டு என்று அவருக்கே இன்றுவரை தெரியாது.